சகோரத்தைத் தேடி நெவாடாவுக்கு... அமெரிக்காவின் பொது நிலத்தில் ஒரு பறவை வேட்டைப் பயணத்துக்கு என்னவெல்லாம் தயாராக வேண்டும்?

நிலவொளியைக் குடித்து உயிர் வாழும் பறவை என்று பழைய காவியங்களில் வருமே, சகோரம்... அதை நிலாமுகி என்றும் சொல்வார்கள். அந்தப் பெயரோடு பறவையியலாளர்கள் பொருத்திப் பார்ப்பது சுக்கர் என்ற கவுதாரி இனத்தை. சாம்பல் உடம்பு, சிவந்த அலகு, கண்ணிலிருந்து கழுத்து வரை கறுப்புப் பட்டை. எடை அரை கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். லடாக்கிலும் இமாசலத்திலும் பாறைச் சரிவுகளில் 'சுக்... சுக்... சுக்கர்' என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடும். பாகிஸ்தானின் தேசியப் பறவையும் இதுதான்.

இந்தப் பறவைக்காக ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் பிறந்ததும் அமெரிக்காவின் கலிஃபோர்னியா, ஓரிகன், யூட்டா போன்ற மாநிலங்களிலிருந்து ஆட்கள் காரில் நாயை ஏற்றிக்கொண்டு நெவாடாவுக்குக் கிளம்புகிறார்கள். சூதாட்ட விடுதிகள் ஜொலிக்கும் லாஸ் வேகாஸ் அல்ல அவர்கள் போவது. அதற்கு நேர் எதிரே, மாநிலத்தின் வட பகுதியில், மனிதர் கண்ணில் படாத வறண்ட மலைகளுக்கு.

நம்ம ஊர்ப் பறவை அங்கே எப்படிப் போனது? மனிதர்கள்தான் கொண்டுபோனார்கள். 1893-ல் கராச்சியிலிருந்து முதல் சுக்கர்கள் இல்லினாய் மாநிலத்துக்குக் கப்பலேறின. அங்கே அவை நிலைக்கவில்லை. அதன்பிறகு 1930-களிலிருந்து பல மாநில அரசுகள் போட்டி போட்டுக்கொண்டு லட்சக்கணக்கில் வாங்கி, வளர்த்து, காட்டில் விட்டன. ஈரமும் கனத்த பனியும் உள்ள இடங்களில் எல்லாம் தோற்றுப்போன பறவை, மேற்கே வறண்ட பாறை மலைகளைக் கண்டதும் பிறந்த வீட்டுக்கு வந்ததுபோல ஒட்டிக்கொண்டது. 1947-ல், அதாவது நாம் சுதந்திரம் வாங்கிய அதே ஆண்டில், நெவாடா தன் முதல் சுக்கர் வேட்டைப் பருவத்தை அறிவித்தது.

இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பது குற்றம். நம் ஊரில் ஒரு காட்டுக் கவுதாரியைப் பிடித்தாலும் வழக்குதான். அதனால், 'வேட்டைக்குத் திட்டம் போடுவது' என்ற பேச்சே நம்மில் பலருக்கு நெருடும். எனக்கும் நெருடியது. ஆனால், அந்த ஊர் ஏற்பாட்டைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், துப்பாக்கியைவிடப் பெரிய விஷயங்கள் அதில் இருக்கின்றன.

ஒன்றரை தமிழ்நாடு அளவு... கதவு இல்லாத நிலம்!

முதல் விஷயம், நிலம். நெவாடாவில் ஏறத்தாழ 80 சதவிகித நிலம் மத்திய அரசுடையது. அதில் நில மேலாண்மைப் பணியகத்தின் (சுருக்கமாக பி.எல்.எம்.) கையில் மட்டும் சுமார் 4.8 கோடி ஏக்கர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 3.2 கோடி ஏக்கர்தான். ஒன்றரை தமிழ்நாடு அளவு நிலத்தில், பெரும்பகுதிக்குள் யாரும் நுழைவுக் கட்டணம் இல்லாமல் போகலாம், நடக்கலாம், கூடாரம் போட்டுத் தூங்கலாம். பொதுவாக ஒரே இடத்தில் 14 நாள்களுக்கு மேல் தங்கக் கூடாது, அவ்வளவுதான். மாநில மக்கள்தொகை 2020 கணக்குப்படி 31 லட்சம். அதிலும் பெரும்பாலோர் லாஸ் வேகாஸைச் சுற்றியே இருக்கிறார்கள்.

டெக்சாஸில் இப்படி இல்லை. அங்கே 95 சதவிகிதத்துக்கும் மேல் தனியார் நிலம். வேட்டைக்குப் போக வேண்டுமானால் நில உரிமையாளருக்குக் குத்தகைப் பணம் கட்ட வேண்டும். நெவாடாவில் கோடீஸ்வரரும் டிரக் டிரைவரும் ஒரே மலையில், ஒரே உரிமையோடு ஏறலாம். மேற்கு மாநிலங்களுக்கு வெளியூர்க்காரர்கள் வருவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

சான் ஹோசேயிலிருந்து இரண்டு நண்பர்கள் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐ.டி. வேலை பார்க்கும் தமிழர்களாகவும் இருக்கலாம், அந்த ஊரில் நம்மவர்களுக்கா பஞ்சம்! சியரா நெவாடா மலையைக் கடந்து, ரீனோ வழியாக வின்னமக்கா என்ற சிறு நகரத்துக்குப் போக வேண்டும். 650 கிலோமீட்டருக்கும் மேல். ஏறக்குறைய சென்னையிலிருந்து கன்னியாகுமரி. நடுவில் 2,200 மீட்டர் உயரத்தில் டானர் கணவாய். நவம்பருக்கு மேல் போனால் அங்கே பனி கொட்டும், டயருக்குச் சங்கிலி கட்டச் சொல்லிப் போலீஸ் நிறுத்தும்.

முதலில் காகிதம், பிறகுதான் காடு

துப்பாக்கிக் கடைக்குப் போவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை, வேட்டைக் கல்விச் சான்றிதழ். 1960 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்த எவரும் இந்தப் படிப்பை முடித்த சான்றைக் காட்டினால்தான் நெவாடாவில் உரிமம் கிடைக்கும். ஒரு மாநிலத்தில் படித்த சான்றை மற்ற மாநிலங்களும் ஏற்றுக்கொள்கின்றன. துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, வேலியை எப்படித் தாண்டுவது, எந்தத் திசையில் சுடவே கூடாது... இதெல்லாம் பாடத்தில் உண்டு.

அடுத்து உரிமம். உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளி மாநிலத்தவருக்குப் பல மடங்கு விலை. ஆண்டு உரிமத்துக்கு வெளியூர்க்காரர் நூறு டாலருக்கு மேல் எடுத்துவைக்க வேண்டும். ஓரிரு நாள் மட்டும் போகிறவர்களுக்குக் குறுகிய கால அனுமதியும் இருக்கிறது. கட்டணமும் தேதியும் மாறக்கூடியவை என்பதால், கிளம்பும் ஆண்டின் விதிப் புத்தகத்தை மாநில வனவிலங்குத் துறையின் தளத்திலிருந்து இறக்கிப் படிப்பதுதான் சரி. சுக்கர் பருவம் வழக்கமாக அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி தொடக்கம்வரை போகும். நாளொன்றுக்கு ஒருவருக்கு 6 பறவை என்பது நெடுநாளாக இருந்துவரும் வரம்பு. ஆனால் அந்த ஆறைத் தொடுகிறவர்கள் குறைவு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. இரவல் வாங்கிக் கையில் வைத்திருந்தாலும் சிக்கல்தான். அதே சட்டத்தில் ஒரு விலக்கு, ஏதேனும் ஓர் அமெரிக்க மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு. உரிமம் காலாவதியானால் விலக்கும் அதோடு போய்விடும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறிப்பிட்ட தடை இல்லை. 'ஃப்ரெண்டோட துப்பாக்கிதானே, ஒரு தடவை சுட்டுப் பார்த்தா என்ன' என்று இறங்கினால், குடியேற்ற வாழ்க்கையே ஆட்டம் காணலாம். வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இந்தக் காசெல்லாம் எங்கே போகிறது? 1937-ல் வந்த பிட்மன் - ராபர்ட்சன் சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் 11 சதவிகித வரி வசூலிக்கப்படுகிறது. அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்கே பிரித்துத் தரப்படுகிறது. உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பிவிடும் மாநிலத்துக்கு இந்தப் பங்கு கிடையாது என்பதுதான் சட்டத்தின் பிடி. பறவையைச் சுடுகிறவர்களின் காசில்தான் பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டுகிறார்கள். இதை முரண் என்பதா, ஏற்பாடு என்பதா என்று அங்கேயே விவாதம் ஓய்ந்தபாடில்லை.

சதுரங்கப் பலகையில் நடப்பது எப்படி?

பொது நிலம் என்றதும் வேலியே இல்லாத ஒரே பரப்பு என்று நினைத்துவிடக் கூடாது. 1862-ல் கண்டத்தின் குறுக்கே ரயில் பாதை போட முடிவெடுத்தபோது, கம்பெனிகளுக்குக் கூலியாக நிலத்தையே கொடுத்தது அமெரிக்க அரசு. பாதையின் இரு பக்கமும் ஒரு மைலுக்கு ஒரு மைல் என்று சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றைக் கம்பெனிக்குத் தந்தது. அந்தப் பாதை வின்னமக்கா வழியாகத்தான் போகிறது. விளைவு, இன்றைக்கும் அந்தப் பக்கத்து வரைபடம் சதுரங்கப் பலகை மாதிரியே இருக்கும். ஒரு கட்டம் அரசுடையது, அடுத்தது தனியாருடையது. கறுப்புக் கட்டத்திலிருந்து அடுத்த கறுப்புக் கட்டத்துக்குப் போக வேண்டுமானால், இரண்டும் தொட்டுக்கொள்வது ஒரு மூலையில்தான்.

அந்த மூலையைத் தாண்டலாமா? வயோமிங் மாநிலத்தில் இது பெரிய வழக்கானது. 2021-ல் மிசூரி மாநிலத்திலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள், தனியார் மண்ணில் கால் படாமல் ஓர் அரசு நிலத்திலிருந்து இன்னோர் அரசு நிலத்துக்கு மூலை வழியாக ஏணி வைத்துத் தாண்டினார்கள். 'என் நிலத்துக்கு மேலே உள்ள வெளியில் உங்கள் உடம்பு நுழைந்துவிட்டது' என்று உரிமையாளர் தரப்பு வழக்குப் போட்டது. குற்ற வழக்கில் 2022-ல் ஜூரி அவர்களை விடுவித்தது. சிவில் வழக்கில் 2025 மார்ச்சில் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் வேட்டைக்காரர்கள் பக்கமே நின்றது.

'அப்போ நெவாடாவிலும் தாண்டலாம்தானே?' என்றால், அவசரப்பட வேண்டாம். நெவாடா ஒன்பதாவது வட்டத்தில் வருகிறது. பத்தாவது வட்டத்தின் தீர்ப்பு அங்கே கட்டுப்படுத்தாது. மூலை தாண்டாமல் முழுதாகச் சாலை வழியாகப் போய்ச் சேரக்கூடிய நிலத்தைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

இதற்காகவே நில உரிமை காட்டும் மொபைல் செயலிகள் வந்திருக்கின்றன. நீல நிறப் புள்ளியாக நீங்கள், மஞ்சள் நிறமாக பி.எல்.எம். நிலம். மலையில் டவர் கிடைக்காது என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வேலிக் கால்களில் பளிச்சென்ற ஆரஞ்சு பெயின்ட் அடித்திருந்தால், நெவாடா சட்டப்படி அது 'உள்ளே வராதே' என்ற அறிவிப்பு. போர்டு எதுவும் இல்லையே என்று வாதாட முடியாது.

தண்ணீர் எங்கே, பறவை அங்கே

நாள் குறிப்பதில்தான் அனுபவசாலிகளும் தடுமாறுகிறார்கள். அக்டோபர் தொடக்கத்தில் மலை காய்ந்து கிடக்கும். பறவைகள் ஊற்றுகளையும் ஓடைகளையும் விட்டு விலகாது. எனவே தேடுவது எளிது. ஆனால் வெயிலும் விரியனும் உண்டு. முதல் மழை விழுந்ததும் எங்கும் தண்ணீர், பறவைகள் சிதறிப்போகும். டிசம்பரில் பனி மூடியதும் தெற்குப் பார்த்த சரிவுகளில் பனி சீக்கிரம் கரைந்து புல் தளிர் எட்டிப்பார்க்கும், கூட்டம் அங்கே சேரும்.

வறட்சிக்காக 'கஸ்லர்' என்ற மழைநீர்த் தொட்டிகளை மலைகளில் கட்டிவைத்திருக்கிறார்கள். சாய்வான தகரக் கூரை, அதிலிருந்து வடியும் நீர் ஒரு தொட்டியில் சேரும், பறவைகள் வந்து குடிக்கும். மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றின் பக்கத்திலேயே கூடாரம் போட்டுவிட்டால் வேலை சுலபம் என்று தோன்றும். சட்டம் அதற்கும் பூட்டுப் போட்டிருக்கிறது. விலங்குகள் தண்ணீருக்கு வர முடியாதபடி, நீர்நிலையிலிருந்து 100 கஜத்துக்குள் முகாம் போடுவது குற்றம். தாகத்தோடு வரும் பறவையை அங்கேயே உட்கார்ந்து சுடுவதை நல்ல வேட்டைக்காரர்கள் அசிங்கமாகவே நினைக்கிறார்கள்.

சரி, ஆறு பறவை ஏன் கிடைப்பதில்லை? சுக்கர் ஆபத்தைக் கண்டால் பறக்காது, மேல்நோக்கி ஓடும். மனிதன் மூச்சிரைக்க உச்சிக்குப் போய்ச் சேர்ந்த கணத்தில், சிறகடித்துப் பள்ளத்தாக்கைத் தாண்டிக் கீழே பறந்துவிடும். மறுபடி இறங்கி, மறுபடி ஏற வேண்டும். முதல் முறை போவது ஆசைக்கு, அடுத்த முறைகள் எல்லாம் பழிவாங்க என்று அந்த வட்டாரத்தில் ஒரு கேலிப் பேச்சு உண்டு. மூன்று மாதம் முன்பிருந்தே தினமும் படியேறிப் பழகச் சொல்வது இதனால்தான். முட்டி வலி உள்ளவர்கள், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் இந்த ஆசையில் இறங்கக் கூடாது.

டயர், நாய், பாழடைந்த சுரங்கம்

வின்னமக்காவை விட்டு வடக்கே போனால் 100 கிலோமீட்டருக்கு மேல் பெட்ரோல் பங்க் கண்ணில் படாமல் போகலாம். மண் சாலையில் கத்தி போன்ற கற்கள். ஒரு ஸ்பேர் டயர் போதாது, இரண்டு வேண்டும். தண்ணீர் கேன், போர்வை, முதலுதவிப் பெட்டி, சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி... இவை இல்லாமல் போகிறவர்கள் துணிச்சல்காரர்கள் அல்ல, மற்றவர்களுக்கு வேலை வைப்பவர்கள். எந்த மலைக்குப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும்.

பழைய தங்க, வெள்ளிச் சுரங்கங்கள் மூடப்படாமல் பல்லாயிரக்கணக்கில் கிடக்கின்றன. புதருக்குள் திடீரென்று ஓர் ஆழ்குழி வாய் திறந்திருக்கும். நாயைத் தேடிப் போய் உள்ளே எட்டிப் பார்க்கவே கூடாது. உள்ளே காற்றே நஞ்சாக இருக்கலாம்.

நாய் என்றதும் சொல்ல வேண்டும். இந்த வேட்டையில் பாதி வேலை அதனுடையது. வாசனை பிடித்து, பறவைக் கூட்டத்தின் முன் சிலை மாதிரி நிற்கும். ஆள் வந்து சேரும்வரை அசையாது. கூரான பாறையில் அதன் பாதம் கிழிந்துவிடும் என்பதால் காலுக்கு பூட்ஸ் மாட்டுகிறார்கள். மனிதன் குடிக்கும் அளவுக்கு அதற்கும் தண்ணீர் சுமக்க வேண்டும். சாயங்காலம் காது, விரல் இடுக்கு எல்லாவற்றையும் தடவிப் பார்த்துப் புல் விதைகளை எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் விதை தோலைத் துளைத்து உள்ளே போய்ச் சீழ் வைக்கும். கிளம்பும் முன்பே வழியில் உள்ள கால்நடை மருத்துவரின் எண்ணைக் குறித்துவைப்பது வழக்கம்.

ஆரஞ்சு நிற உடையை நெவாடா சட்டம் கட்டாயமாக்கவில்லை. போட்டுக்கொள்ளுங்கள். சரிவில் நண்பர் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் ஒரு நொடி திரும்பிச் சுடுவதில்தான் பெரும் விபத்துகள் நேர்கின்றன. பொதுச் சாலையில் வண்டிக்குள் துப்பாக்கி இருக்கலாம், அதன் அறையில் தோட்டா இருக்கக் கூடாது.

இத்தனை பாட்டுக்கு நடுவே ஒரு சந்தோஷம், சாப்பாடு! ஒரு காலத்தில் ஆடு மேய்க்க ஸ்பெயின் - பிரான்ஸ் எல்லையிலிருந்து வந்த பாஸ்க் மக்களின் உணவகங்கள் வின்னமக்காவிலும் எல்கோவிலும் இருக்கின்றன. முன்பின் தெரியாதவர்களோடு நீண்ட மேசையில் உட்காரவைத்து, சூப்பிலிருந்து இறைச்சி வரை வரிசையாகப் பரிமாறுவார்கள். நம்ம ஊர்ப் பந்தி மாதிரி.

புல் வைத்த நெருப்பு

சுக்கரின் முக்கியத் தீனி, சீட்கிராஸ் என்ற புல். அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். வந்த பறவை, வந்த புல்லைத் தின்று பெருகியது. ஆனால் அந்தப் புல் ஜூன் மாதமே காய்ந்து வெடிமருந்தாகிவிடும். 2018 ஜூலையில் வின்னமக்காவுக்கு வடக்கே பாரடைஸ் பள்ளத்தாக்குப் பக்கம் பிடித்த மார்ட்டின் தீ, 4.35 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. நெவாடா வரலாற்றில் தனியொரு தீயாக இதுவே பெரியது. நெருப்பு முடிந்ததும் முதலில் முளைப்பது அதே சீட்கிராஸ். அந்த மண்ணுக்கே உரிய சேஜ்பிரஷ் புதர் திரும்பி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அந்தப் புதரை நம்பியே வாழும் சேஜ் க்ரௌஸ் என்ற சொந்த மண் பறவைதான் இதில் அடிபடுகிறது. சுக்கர் நன்றாக இருக்கிறது என்பதால் மலை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

பயணத் திட்டத்தில் இதற்கும் இடம் உண்டு. காய்ந்த புல் மேல் காரை நிறுத்தினால், சூடான சைலன்சரே தீ வைத்துவிடும். வெறும் மண்ணில்தான் வண்டியை நிறுத்த வேண்டும்.

நெருப்பைப் போலவே இன்னொரு பயமும் 2025-ல் வந்தது. நெவாடா, யூட்டா மாநிலங்களில் சில பொது நிலங்களை விற்கும் திருத்தம் ஒன்று மே மாதம் பிரதிநிதிகள் சபையில் பட்ஜெட் மசோதாவில் சேர்ந்து, பிறகு நீக்கப்பட்டது. அடுத்த மாதமே செனட்டில் மேற்கு மாநிலங்கள் பலவற்றிலும் லட்சக்கணக்கான ஏக்கர்களை விற்கும் யோசனை வந்தது. வீடு கட்ட இடம் வேண்டும் என்பது ஆதரவாளர்களின் வாதம். வேட்டைக்காரர்களும், வேட்டையையே வெறுக்கும் சூழலியலாளர்களும் அபூர்வமாக ஒரே பக்கம் நின்று எதிர்த்தார்கள். ஜூன் இறுதியில் அந்த யோசனையும் கைவிடப்பட்டது. 'இந்த மலை எங்களுடையது' என்று இருபது முப்பது ஆண்டுகளாக வந்துபோகும் வெளி மாநிலத்துக் குடும்பங்களும் அப்போது தங்கள் செனட்டர்களுக்கு போன் போட்டவர்களில் உண்டு.

திரும்பும்போது

ஒரு மாநிலத்தின் வேட்டை விதியை மீறிப் பிடித்ததை எல்லை தாண்டிக் கொண்டுபோனால், 1900-ம் ஆண்டின் லேசி சட்டப்படி அது மத்திய அரசுக் குற்றமாகிவிடும். எனவே யார் எத்தனை பறவை எடுத்தார்கள் என்று தனித்தனியே பை போட்டு, பெயரும் தேதியும் எழுதி ஐஸ் பெட்டியில் வைப்பார்கள். வெளியில் வேட்டையாடியதைக் கலிஃபோர்னியாவுக்குள் கொண்டுவர ஒரு அறிவிப்புப் படிவமும் நிரப்ப வேண்டும். காட்டுப் பறவையின் இறைச்சியை விற்க முடியாது. ஓட்டலில் சுக்கர் என்று தட்டில் வருவது பண்ணையில் வளர்ந்தது.

பருவம் முடிந்ததும், வேட்டைக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு வனவிலங்குத் துறையிலிருந்து ஒரு கேள்வித்தாள் வரும். எந்த மாவட்டத்துக்குப் போனீர்கள், எத்தனை நாள் நடந்தீர்கள், எத்தனை பறவை? ஒன்றுகூடக் கிடைக்காவிட்டாலும் பூஜ்யம் என்று எழுதி அனுப்பச் சொல்கிறார்கள். ஹெலிகாப்டரில் போய் எடுக்கும் கணக்கோடு இந்தப் பூஜ்யங்களும் சேர்ந்துதான் பறவைகளின் நிலவரத்தை அவர்களுக்குச் சொல்கின்றன.